நாலு லிட்டர்

யார் விட்டுப்போனது என்று பதிவேட்டில் இல்லை.
எப்போதோ ஓய்வு பெற்ற ஒருவரின் கையெழுத்து
ஈரம் பட்டு மீன் செதில்போல் சுருண்டிருந்தது.
ஈயச் செங்கல்லுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேன்,
நாலு லிட்டர்,
பார்த்தால் பச்சைத் தண்ணீர்.
கருவியை அருகில் கொண்டுபோனால் மட்டும்
சுடுமணலில் கொட்டிய சோளம்போல் பொரிகிறது.

சீசியம், என்றார் அந்துவான்,
வாங்காத கடனுக்கு வட்டி கட்டுகிறவரின் குரலில்.

காலாப்பட்டில் அன்றைக்குக் கடல் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
திரவமாக இருக்கிற எதுவும்
ஐப்பசி மழையில் ஊர்சுற்றக் கிளம்பிவிடும்.
கேன் கவிழ்ந்தால் தரை,
தரைக்குக் கீழே மணல்,
மணல் முடிகிற இடத்தில்
பிள்ளைச்சாவடியில் கைபம்பு அடிக்கிற யாரோ.

இரட்டைக் கையுறை. விளிம்பு உயர்ந்த தட்டு.
நீலத்தைப் போட்டோம்.
இரும்பிலிருந்து பிறக்கும் நீலம் அது,
சீசியத்தைக் கண்டால் விடாது,
கல்யாணப் பந்தியில் கையைப் பிடித்து இழுத்து
பக்கத்தில் உட்காரவைக்கிற சொந்தக்காரர் மாதிரி.
ஒரு காலத்தில் இந்த ஊர்த் துணி நீலத்தில் முங்கிக்
கப்பலேறி ஆப்பிரிக்கா போனது என்பார்கள்.
எங்கள் நீலம் எங்கும் போகக் கூடாது.
குடுவையின் அடியில் அது
ஒரு மதியம் முழுக்க இறங்கி இறங்கி உட்கார்ந்தது.

மேலே தெளிந்ததை அளந்தோம்.
திரும்பவும் அளந்தோம்.
கருவி வாயை மூடிக்கொண்டது.
அவ்வப்போது ஒரு டிக்; அது பூமியினுடையது,
கருங்கல்லிலும் வாழைப்பழத்திலும் எப்போதும் இருப்பது.

அடியில் நின்ற நீலச் சேறு
ஒரு டிபன் கேரியர் அளவு.
பயம் குறையவில்லை,
அது அடைத்துக்கொண்டிருந்த இடம் குறைந்தது.

அப்புறம் சிமென்ட், கொஞ்சம் களிமண், சேறு.
அந்துவான் லாஸ்பேட்டையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.
"என் மேஸ்திரி போடுகிற கலவையைவிட இது நல்ல கலவை"
என்று முகக்கவசத்துக்குள் முணுமுணுத்தார்.
நான் சிரிக்கவில்லை. துடுப்பு சுற்றிக்கொண்டிருந்தது.
தண்ணீர் கூடினால் வெடிப்பு,
குறைந்தால் வேகாத நடு.
இறுகும்போது டிரம் சூடாகிறது,
காய்ச்சல்காரனின் நெற்றிபோல்.
தொட்டுப் பார்க்கக் கை போனது. இழுத்துக்கொண்டேன்.

தனியே எடுத்துவைத்த ஒரு சிறு கட்டியைத்
தண்ணீரில் ஊறப்போட்டோம்.
தினம் நீர் மாற்றி, பழைய நீரை அளந்து.
முதல் நாள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.
மூன்றாம் நாள் அதில் பாதி.
இருபத்தெட்டாம் நாள், என் கையெழுத்துக்கு மேலே,
'கண்டறியும் அளவுக்குக் கீழ்'.
'இல்லை' என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை.

கூண்டை எப்போதோ இறக்கியிருந்தார்கள்.
புயல் நெல்லூர் பக்கம் போய்விட்டதாம்.

மிச்சம் இருந்தது டிரம்மில் எழுதுவது.
முப்பது வருஷத்தில் பாதியாகும்,
அடுத்த முப்பதில் அந்தப் பாதியில் பாதி,
இப்படியே முந்நூறு வருஷம் யாரும் திறக்கக் கூடாது.
மஞ்சள் டிரம், கறுப்பு பெயின்ட், ஓரம் தேய்ந்த பிரஷ்.

முந்நூறு வருஷத்து ஓலை ஒன்றை
ஒருமுறை கண்ணாடிக்குள் பார்த்தேன்,
ஏதோ துணிக் கணக்கு.
மெய்யெழுத்து எதற்கும் புள்ளி இல்லை.
'கல' என்று இருந்தது.
கல்லா, கலமா?
எழுதியவருக்குத் தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

'எச்சரிக்கை' என்று எழுதினேன்.
பிரெஞ்சிலும் போடுங்கள் என்றார் அந்துவான், போட்டேன்.
மூவிலைச் சின்னம் வரைந்தேன்,
மின்விசிறி என்று யாரும் நினைத்துவிடாமல் இருக்கட்டும்.

லாரி வந்து ஹாரன் அடித்தது.
ஓட்டுநர் மன்னாதன் டிரம்மை ஒரு பார்வை பார்த்து
"உள்ளே கெட்டிதானே மேடம்?" என்றார்.
கெட்டி, என்றேன்.
பிறகு, ஒரு நிமிஷம் என்று சொல்லி
பிரஷ்ஷை மறுபடி நனைத்து
'ச்' மேலிருந்த புள்ளியை,
'க்' மேலிருந்த புள்ளியை,
இன்னொரு முறை, கனமாக.